பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று சொன்னால், பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளா?

வாசகர் கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறோம். இருவரும் எட்டாம் வகுப்பு வரைதான் படித்திருக்கிறோம். எங்கள் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அ, ஆ வரிசையைத் தடுமாறாமல் சொல்கிறாள். ஆனால் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தால் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறாள். கழித்தல் கணக்கை நான் சொல்லித் தருகிறபடி போடாமல், குச்சிக் கட்டுகளைப் படமாக வரைந்துகொண்டிருக்கிறாள். வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை. தமிழில் 'அரும்பு' நிலை, கணக்கில் 'மொட்டு' நிலை என்று ஆசிரியை சொன்னார். அது ஃபெயில் என்பதைத்தான் அழகாகச் சொல்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மெட்ரிக் பள்ளியில் நோட்டு நோட்டாக எழுதுகிறது. நாங்களும் பள்ளியை மாற்ற வேண்டுமா? எங்களைப் போன்றவர்கள் பிள்ளையின் படிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு வந்து, மகளின் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவள் வரிசையாகச் சொல்வதற்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்திருக்கிறீர்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றும் நான், ஒரு குழந்தையின் வாசிப்பைச் சோதிக்க உட்கார்ந்தால் முதலில் பார்ப்பதும் அந்த வேறுபாட்டைத்தான். ஆகவே, "எங்களைப் போன்றவர்கள்" என்று நீங்கள் எழுதிய அந்தச் சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். பாடத்தை நடத்துவது ஆசிரியையின் வேலை. அது பிள்ளையிடம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க எட்டாம் வகுப்புப் படிப்பு தாராளமாகப் போதும்.

உங்களை மிகவும் வருத்துகிற அந்த இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன். 2022 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தை முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்ததால், வகுப்பு ஏறியும் அந்தந்த வகுப்புக்குரிய வாசிப்பும் கணக்கும் கைவராமல் நின்ற குழந்தைகளை, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்தே கைப்பிடித்து அழைத்துவர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதற்காகக் குழந்தை இப்போது எதைச் செய்ய முடிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அரும்பு என்றால் முதல் வகுப்புத் திறன்களில் சில இன்னும் உறுதிப்பட வேண்டும் என்றும், மொட்டு என்றால் இரண்டாம் வகுப்புத் திறன்களில் பயிற்சி நடக்கிறது என்றும், மலர் என்றால் தன் வகுப்புக்குரிய இடத்தில் இருக்கிறது என்றும் பொருள். பாடத்துக்குப் பாடம் நிலை மாறலாம். உங்கள் மகளுக்கே தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று என்று இருப்பதைப் பாருங்கள்.

ஆக, இது ஃபெயில் இல்லை. அதற்காக, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் தமிழில் அரும்பு என்பது இந்த ஆண்டே கவனித்துச் சரிசெய்ய வேண்டிய ஒன்று. நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் நீண்ட பத்திகளாக வரும்போது, வாசிப்பு கைவராத பிள்ளை எல்லாப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் பின்தங்கத் தொடங்கும். கணக்கைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு அச்சம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் நானும் படித்த காலத்தில், "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, நாலில் இரண்டு போனால் இரண்டு" என்று பாடமாகச் சொல்லி 25 என்று விடை எழுதினோம். உங்கள் மகள் ஐந்து பத்துக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் வரைகிறாள்; ஒரு கட்டைப் பிரித்து உதிரிகளைப் பன்னிரண்டாக்குகிறாள்; அதில் ஏழை அடித்துவிட்டு, மீதியுள்ள நான்கு கட்டுகளில் இரண்டை அடிக்கிறாள். அவளுக்கும் 25தான் வருகிறது. நாம் வாங்கிய "கடன்" என்பது உண்மையில் ஒரு கட்டைப் பிரிப்பதுதான். பள்ளியில் இதற்கு 'இனமாற்றம்' என்று பெயர். பத்து ஒன்றுகளை ஒரு பத்தாகக் கட்டலாம், ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகப் பிரிக்கலாம் என்பது மனத்தில் பதிந்துவிட்ட பிள்ளைக்கு நூறு வந்தாலும் ஆயிரம் வந்தாலும் வழி தெரியும். அது பதியாமல் சொல்வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, ஒருநாள் அந்த வாக்கியம் மறந்துபோனதும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்து 35 என்று எழுதிவிட்டு, அதில் தவறு இருப்பதே தெரியாமல் நோட்டை மூடி வைத்துவிடும். நான் பார்க்கும் கணக்கு நோட்டுகளில் இந்த 35 மீண்டும் மீண்டும் வருகிறது.

கம்பெனியில் வெட்டிய துண்டுகள் கட்டுகளாகக் கட்டி வருவதையும், ஒரு கட்டில் குறைந்தால் இன்னொன்றைப் பிரித்து எடுப்பதையும் நீங்கள் கண்ணால் பார்க்கிறவர். வீட்டில் இதைச் சோதிக்க ஐந்து பத்து ரூபாய் நோட்டுகளும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் போதும். அவற்றை மகளின் கையில் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். அவள் இரண்டு நோட்டுகளைக் கொடுத்துவிட்டு ஏழுக்குத் திகைத்து நின்று, "ஒரு பத்தை மாத்தித் தாம்மா" என்று கேட்டால், இனமாற்றம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அதன் பிறகு உங்கள் முறையையும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அது தவறான முறை இல்லை, வேகமான முறை. ஆனால் படம் வரைவதை இப்போதே நிறுத்தச் சொல்லாதீர்கள். அது தேவையில்லாமல் போகும்போது அவளே விட்டுவிடுவாள்.

வாய்ப்பாட்டைப் பற்றி என் கருத்து சில பயிற்றுநர்களின் கருத்தோடு ஒத்துப்போகாது. அது மனத்தில் இருக்க வேண்டும் என்றும், ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பத்தாம் வாய்ப்பாடு வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்றும் நான் நினைக்கிறேன். ஆனால் பொருள் முன்னே வர வேண்டும், மனப்பாடம் பின்னே வர வேண்டும். வாசலில் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை புள்ளி வைத்து மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். பிறகு அவளைப் பக்கவாட்டில் நிற்கவைத்து அதே புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மூன்றும் மூன்று நான்கும் ஒன்றுதான் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டால், மனப்பாடம் செய்ய வேண்டியதில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும்.

இனி, உண்மையாகவே கவனம் தேவைப்படுகிற வாசிப்புக்கு வருகிறேன்.

அ, ஆ என்று தொடங்கும் எழுத்து வரிசையை, அதாவது நெடுங்கணக்கை, வரிசையாகச் சொல்லுவது ஒரு பாட்டைச் சொல்லுவது போன்றது. அடுத்தது அடுத்தது என்று நாக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். சொல்லைப் படிப்பது அப்படியில்லை. தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் உயிர்மெய்க் குறிகளில்தான் இருக்கின்றன, அதிலும் குறிப்பாகக் கொம்புகளில் இருக்கின்றன. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும் எட்டு வயதுக் குழந்தை, கொம்பைக் கண்டதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் "தட்டுத் தடுமாறி" என்று எழுதியிருப்பது அந்தக் கணத்தைத்தான் என்று நான் ஊகிக்கிறேன். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று பார்க்கத் தவறினால் கோடு கொடுவாகிவிடும், பேட்டி பெட்டியாகிவிடும்.

இன்னொரு இடம் உகர, ஊகார வரிசைகள். துணைக்காலும் கொம்பும் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் உருவம் மாறுவதில்லை. ஆனால் கு, சு, து, மு ஆகிய நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் குறி ஒவ்வொரு விதமாக இருக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய உருவங்கள் சீராக்கப்பட்டன. இந்த இரண்டு வரிசைகளும் அப்படியே நின்றுவிட்டன. ஆகவே பிள்ளை இவற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டுமே தவிர, ஒரே விதியைச் சொல்லிக் கொடுத்துக் கடந்துவிட முடியாது. இந்த வரிசைகளில் தடுமாறுகிற பிள்ளையை மந்தம் என்று யாராவது சொன்னால் நீங்கள் அதை ஏற்க வேண்டாம்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்துத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொல்லாகக் கொடு, கோடு, பெட்டி, பேட்டி, தொடு, தோடு, குடம், கூடம், முட்டை, மூட்டை என்று எழுதிக் கலைத்து வையுங்கள். அவள் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு அந்தப் பொருளையோ செயலையோ காட்ட வேண்டும்: தோடு என்றால் உங்கள் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும், தொடு என்றால் வேறு எதையாவது தொட வேண்டும். எந்தத் துண்டில் நிற்கிறாள் என்பதை மட்டும் நீங்கள் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் நின்றவுடன் விடையைச் சொல்லிவிடாமல், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். நம்மில் பெரும்பாலோர் இரண்டு எண்ணுவதற்குள் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், பிள்ளையும் நம் வாயைப் பார்க்கப் பழகிவிடுகிறது.

பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வகுப்பில் பல முறை சேர்ந்து வாசித்த பாடம் என்றால், படத்தைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அதைவிட நல்லது, அவள் இதற்கு முன் பார்த்திராத எழுத்துகள்: பேருந்தின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயர், ரேஷன் கடைப் பலகை, மளிகைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருப்பது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் அவரிடம் அனுப்பி, "ஆயாவுக்கு இதில் என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று சொல்லுங்கள். பாட்டிக்கு உண்மையாகவே அது தெரியாது. அதனால் பிள்ளை படிப்பதோடு நிற்காமல் பொருளையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்ன பொருள் சரியாக இருந்தால், அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம்.

"ஒண்ணுமில்ல" என்ற பதிலுக்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். குச்சிகளைக் கட்டியதும், பாட்டுப் பாடியதும், தோழியோடு சொல்லட்டை அடுக்கியதும் அவள் கணக்கில் விளையாட்டு. படிப்பு என்றால் நோட்டில் எழுதுவது என்று நாமே அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். ஆகவே அவள் பொய் சொல்லவில்லை. "இன்னிக்கு டீச்சர் எதை வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க? எனக்கும் அதைச் செஞ்சு காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையைச் சொல்லச் சொல்வதைவிடச் செய்து காட்டச் சொல்லும்போது நமக்கு இரண்டு மடங்கு தெரியவரும். "இன்னிக்கு எது வரவே இல்ல?" என்பதையும் வாரத்துக்கு ஒரு முறை, கோபமில்லாத குரலில் கேளுங்கள்.

ஆசிரியையைச் சந்திப்பதைப் பற்றிச் சொல்லும்போது, நான் வகுப்பாசிரியராக இருந்த காலத்தில் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தையிடம், "உங்க பொண்ணு பரவாயில்லைங்க, அடைவு நிலை கொஞ்சம் உயரணும்" என்று சொன்னேன். கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருந்த அவர், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், சற்று நேரம் நின்றுவிட்டு, "பரவாயில்லைன்னா என்னங்க சார்? அவளால என்ன செய்ய முடியுது, என்ன முடியல?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் மதிப்பெண்ணைப் பார்த்திருந்தேனே தவிர, அந்தக் குழந்தை எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று எனக்கே தெரியாது. கற்றல் விளைவு, திறன், அடைவு என்பவை நாங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் சொற்கள். அவற்றைப் பெற்றோருக்குப் பிரித்துச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது. "மூன்றிலக்க எண்களை இனமாற்றத்துடன் கழிப்பர்" என்று எங்கள் பதிவேட்டில் இருந்தால், 500 ரூபாய் கொண்டுபோய் 365 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி 135 என்று உங்கள் பிள்ளை தானே போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உங்களிடம் சொல்ல நாங்கள் பழக வேண்டும்.

ஆகவே நீங்கள் அந்தத் தந்தையின் கேள்வியையே எடுத்துக்கொண்டு போங்கள். "என் மகள் எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறாங்க" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். "தமிழில் அவள் அரும்பில் இருக்க எது காரணம்? எந்த வரிசை எழுத்துகள் வரவில்லை? மொட்டுக்குப் போக அடுத்து எதைச் செய்ய வேண்டும், வீட்டில் நாங்கள் எதைப் பார்த்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். நீங்கள் குறித்துவைத்த துண்டுச் சொற்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆசிரியருக்கும் அதைவிடப் பயனுள்ள ஒன்றைப் பெற்றோர் கொண்டுவந்து கொடுக்க முடியாது. கம்பெனியில் விடுப்பு கிடைக்கவில்லை என்றால் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கேட்டுப் பெறலாம். அதுவும் முடியாது என்றால் அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தனுப்பலாம்.

மதிப்பெண் தாளைப் பார்க்கும்போதும் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில், ஒரு பருவத்தின் நூறு மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் உரியவை. முன்னது பருவம் முழுவதும் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், பின்னது பருவ இறுதித் தேர்வுக்கும் தரப்படுவது. முதலாவதில் நன்றாகவும் இரண்டாவதில் குறைவாகவும் இருந்தால், பிள்ளைக்குப் பாடம் தெரிகிறது, கேள்வித்தாளைப் படிப்பதில்தான் தடை இருக்கிறது என்று ஊகிக்க இடம் உண்டு. உங்கள் மகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உங்கள் பள்ளியிலும் இருக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசுவது அவசியமே. அதோடு, ஒவ்வொரு பருவமும் பிள்ளைகள் எதைக் கற்கப் போகிறார்கள் என்பதைப் பருவத் தொடக்கத்தில் பெற்றோருக்கு எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று அந்தக் குழுவில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பள்ளியை மாற்றுவது பற்றி: இப்போது வேண்டாம் என்பதே என் ஆலோசனை. நோட்டு நிறைந்திருப்பது கை எழுதியதற்குச் சான்று. கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதிய பத்தியைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் எல்லா வகைப் பள்ளிகளிலும் பார்த்திருக்கிறேன். மேலும், தமிழில் வாசிப்பு உறுதிப்படாத நேரத்தில் பயிற்று மொழியையும் சேர்த்து மாற்றினால் அவள் சுமை இரட்டிப்பாகும். ஆனால் இந்தப் பருவம் முழுவதும் வீட்டிலும் பள்ளியிலும் முயன்றும் அவள் நின்ற இடத்திலேயே நின்றால், அல்லது அவளுக்கு எது வரவில்லை என்று பள்ளியில் எவராலும் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை என்றால், அப்போது தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். மாற்றத்தைப் பற்றி யோசிக்கவும் அதுவே காலம்.

அதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். கண்ணைச் சோதித்துவிடுங்கள், காதையும் பார்த்துவிடுங்கள். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறாளா, கரும்பலகையில் உள்ளதைத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாளா, பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று நீங்களே கவனிக்கலாம். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே உள்ளது ஒரு சிறிய சுழிதான்; அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.

அந்தத் துண்டுத்தாள் விளையாட்டை இரண்டு வாரம் செய்துவிட்டு, அவள் எந்தெந்தச் சொல்லில் நின்றாள், நின்றபோது அதை எப்படிப் படித்தாள் என்பதை அவள் வாயில் வந்தபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்து எந்தச் சொற்களை எழுதி வைக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.